மோட்டார் இல்லாத டாப்சோனியனில் வியாழனைப் படமெடுக்க எந்தக் கேமரா?

கீழக்கரை வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் கையால் திருப்பும் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியும், குவியத்தூரத்தை 2.5 மடங்காக்கும் பார்லோ லென்ஸும் உள்ளன. குவியத்தூரம் 1200 மி.மீ. வியாழனையும் சனியையும் எங்கள் மொட்டைமாடியிலிருந்து படமெடுக்க விரும்புகிறேன். ஏஎஸ்ஐ 662எம்சி, 585எம்சி ஆகிய இரண்டு வானியல் கேமராக்களில் எது பொருந்தும்? சென்சாரைக் குளிர்விக்கும் குளிரூட்டி உள்ள கேமராவே வேண்டும் என்று ஒரு கடையில் வற்புறுத்துகிறார்கள். கோளைப் பின்தொடரும் மோட்டார் வாங்க இப்போது வசதியில்லை.

மண்டபம் வானோக்கி:

குளிரூட்டிக்குச் செலவழிக்க வேண்டாம், ஐயா. நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்க்கும் நெபுலாப் படங்களுக்குத்தான் அது உதவும். கோள்களை நாம் சில மில்லிநொடி ஃபிரேம்களாக ஆயிரக்கணக்கில் பதிவுசெய்து, காற்று அசையாத கணங்களில் விழுந்த தெளிவானவற்றை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருள் மூலம் தேர்ந்து அடுக்குகிறோம்.

இரண்டு கேமராக்களிலும் பிக்சல் 2.9 மைக்ரான்தான். பிக்சல் அளவை ஐந்தால் பெருக்கினால் கிடைக்கும் 14.5 என்பதே ஏற்ற எஃப் எண் (குவியத்தூரத்தைத் தொலைநோக்கியின் விட்டத்தால் வகுத்தது). உங்கள் பார்லோ எஃப் 15 தருவதால் புதிய லென்ஸ் தேவையில்லை. அந்த அமைப்பில் ஒரு பிக்சல் 0.2 விகலையைப் பிடிக்கும் (விகலை என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு). 45 விகலை அகலமுள்ள வியாழன் 225 பிக்சலில் அடங்கிவிடும் என்பதால், மோட்டார் உள்ளவருக்கு 662எம்சியே தாராளம்.

உங்கள் நிலை வேறு. பூமியின் சுழற்சியால் கோள் நொடிக்கு ஏறத்தாழ 15 விகலை நகர்கிறது. 1920 பிக்சல் அகலமுள்ள 662எம்சியை அது 25 நொடியில் கடந்துவிடும். 3840 பிக்சல் கொண்ட 585எம்சியில் 50 நொடி கிடைக்கும். ஆகவே 585எம்சியை வாங்குங்கள். கோள் நகரும் திசைக்குச் சென்சாரின் நீளப்பக்கம் இணையாக இருக்கும்படி கேமராவைத் திருப்பி, ஷார்ப்கேப் என்ற பதிவு மென்பொருளில் அகலத்தை முழுமையாகவும் உயரத்தை 480 பிக்சலாகவும் வைத்தால், வரிசைகள் குறைவதால் ஃபிரேம் வேகமும் கூடும். பிறகு பிஐபிபி மென்பொருள் கோளை நடுவில் நிறுத்தித் தரும். யூஎஸ்பி 3.0 உள்ள மடிக்கணினி அவசியம்.

தொண்டி ஆசிரியர்:

மேற்சொன்னது சரியே. 585எம்சியின் கண்ணாடி அகச்சிவப்பைத் தடுக்காது. இயல்பான நிறம் வேண்டுமானால் புறஊதா, அகச்சிவப்பு இரண்டையும் வெட்டும் ஃபில்டரைச் சேர்த்து வாங்குங்கள். அடிவானத்துக்கு அருகில் கோளின் நிறங்கள் காற்றால் பிரிவதை, அதாவது வளிமண்டல நிறப்பிரிகையை, சரிசெய்யும் கருவியை விட்டுவிடலாம். நாம் 9 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் வியாழனும் சனியும் உச்சம் தொடும்போது 50 டிகிரிக்கு மேலேயே நிற்கும்; வட நாட்டவருக்கு வாய்க்காத பேறு இது.

வியாழன் 10 மணிக்கும் குறைவான நேரத்தில் தன்னைச் சுற்றிவிடுவதால், ஒரே படத்துக்கான காணொளித் துண்டுகளை மூன்று நிமிடத்துக்குள் எடுத்து முடியுங்கள்.

மொட்டைமாடியைப் பற்றி மட்டும் மறுபடி யோசியுங்கள். பகல் வெயிலை வாங்கிய காங்கிரீட் முன்னிரவு முழுவதும் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். அந்த அலையில் எந்தக் கேமராவும் தோற்றுவிடும். கடற்கரை மணலில் வைத்தால் படம் நன்றாக நிற்கும், ஆனால் உப்புக்காற்று சென்சாரின் முன்கண்ணாடியில் படியும். கழற்றியவுடன் மூடியிட்டு, சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொலைநோக்கியின் குழாய் ஆடும். தை முதல் பங்குனி வரை முயலுங்கள்.