இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு மாணவர்: பைக் கற்றுக்கொடுப்பவர்கள் புனைபெயரில் எழுதிய அனுபவங்கள்

அரைக்கிளட்ச்

மூன்றாம் நாள், எட்டு போடும் பயிற்சி. அந்த நாள் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மா. கிளட்ச் நன்றாக வந்துவிட்டது, பின் பிரேக்கில் கால் நிதானம். ஆனால் இரண்டாவது வளைவில் இருக்கும் ஒரே ஒரு கூம்பில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் போய் இடித்தார். நான் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு "கூம்பைப் பார்க்காதீர்கள், கூம்பைப் பார்க்காதீர்கள்" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஆறாவது முறை வண்டி சாய்ந்தது. கூம்பு முன்சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அவர் எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வியர்வையில் ஒட்டிய முடி. கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "சார், நீங்கள் கூம்பு என்று சொன்னதும் எனக்குக் கூம்பைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை."

என்னிடம் பதில் இல்லை. நடந்துபோய், வளைவு முடியும் இடத்துக்கு அப்பால் நின்றுகொண்டேன். "நான் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன். வந்தார். தாடை தோள்வரை திரும்பியது. "மூன்று" என்றார். கூம்பு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. அடுத்த சுற்றில் "இரண்டு". அதற்கடுத்த சுற்றில் "ஐந்து".

என்னை உறுத்துவது அவர் அல்ல. அவருக்கு முன்னால் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் "பார்க்காதே" என்று கத்தியவர்கள். "எனக்கு இது வராது" என்று பாதியில் வீடு திரும்பியவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று நினைத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். எழுதுங்கள்.

இரண்டு விரல்

எனக்கு ஒரு சொல். "பிடி."

திடீர் நிறுத்தப் பயிற்சி, மணிக்கு 30 கிலோமீட்டர். கொடி தாழ்ந்ததும் நிறுத்த வேண்டும். பையன் கொஞ்சம் தாமதித்தான். நான் "பிடி!" என்று கத்தினேன். பிடித்தான். சக்கரம் இறுகிவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டி. முன்சக்கரம் அப்படியே இறுகிக்கொண்டது, ஹேண்டில்பார் உள்ளே மடங்கியது, கண்மூடித் திறப்பதற்குள் தரையில் கிடந்தான். மணிக்கட்டு எலும்பில் விரிசல். கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீங்கள் சொன்னபடிதானே சார் செய்தேன்?" என்று கேட்டான். குறை சொல்லவில்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். ஆமாம், நான் சொன்னபடியேதான் செய்தான்.

இப்போதெல்லாம் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே என் இரண்டு விரல்களை மாணவரின் கையில் கொடுத்துவிடுகிறேன். "இதுதான் முன் பிரேக் லீவர். வண்டியை நிறுத்துங்கள்" என்பேன். முதல் முறை எல்லோருமே நசுக்குவார்கள். பிறகு அவர் விரல்களை நான் பற்றிக்கொண்டு காட்டுவேன்: முதலில் தொடுவது, வண்டியின் பாரம் முன்னால் இறங்க ஒரு கணம் கொடுப்பது, அதன் பிறகு இறுக்கிக்கொண்டே போவது. ஈரத்துணியைப் பிழிவது போல. பாரம் இறங்கிய டயர்தான் சாலையைக் கவ்வும். இறங்குவதற்கு முன் இறுக்கினால் வழுக்கும். பலகையில் வரைந்து அரை மணி நேரம் விளக்கியும் புரியாதது விரலில் பத்து நொடியில் புரிகிறது.

"பிடி" என்ற சொல்லை நான் மைதானத்தில் சொல்வதே இல்லை.

காற்றோடு

முதல் பதிவுக்கு: விரல் காட்டியது நல்ல யுக்தி, மறுக்கவில்லை. ஆனால் பார்வையைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று புதிய பயிற்சியாளர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அம்மாவுக்குக் கிளட்சும் பின் பிரேக்கும் ஏற்கெனவே கைவந்திருந்தன. அதனால்தான் பார்வை வேலை செய்தது. என்னிடம் ஒரு பையன் தலையை அழகாகத் திருப்பினான், நான் சொன்ன இடத்தையே பார்த்தான், திருப்பத்தின் நடுவில் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக விட்டுவிட்டான். மெதுவான திருப்பத்தில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது எஞ்சினின் இழுவைதானே? அது போனதும் வண்டி உள்பக்கமாகச் சரிந்தது. விழும்போதும் என்னைப் பார்த்துக்கொண்டே விழுந்தான். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

இரண்டாம் பதிவுக்கு: தொடக்கத்தில் முன் பிரேக்கைத் தொடவே விடாமல் பின் பிரேக்கில் மட்டும் பழக்கியிருந்தால் அந்த விரிசலே வந்திருக்காது. நான் முதல் நான்கு நாள் அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டு விரல்

காற்றோடு அவர்களே, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் முழுவதையும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். மணிக்கட்டு ஆறி ஏழு வாரம் கழித்து அந்தப் பையன் திரும்பி வந்தான். வந்தவன் முன் பிரேக்கைத் தொடவில்லை. நான்கு விரல்களும் கைப்பிடியை இறுகச் சுற்றியிருந்தன, லீவர் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. நிறுத்தச் சொன்னால் பின் பிரேக்கை மட்டும் மிதித்து, பின்சக்கரம் தேய்ந்து, கோடு போட்டுக்கொண்டே போய் நிற்பான். நிற்க வேண்டிய கோட்டை இரண்டு வண்டி நீளம் தாண்டியிருப்பான். எனக்கு உண்மையில் உறுத்துவது விரிசல் அல்ல, இதுதான்.

அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஹர்ட்டின் பெயரால் அறியப்படும், 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஹர்ட் அறிக்கையை இங்கே பலர் படித்திருப்பீர்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தார்கள். மோதலைத் தவிர்க்க முயன்றவர்களில் பெரும்பாலோர் செய்தது இதே தவறு: பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். நம்மிடம் வருபவருக்கும் நாம் அதே பழக்கத்தை நான்கு நாள் ஊட்டினால், ஐந்தாம் நாள் அதைப் பிடுங்கி எறிவது யார்? பதற்றம் வரும்போது கால் முதலில் கற்றதைத்தான் செய்யும்.

வழித்துணை

என் அனுபவம் சிறியது. ஹெல்மெட்டுக்குள் பேசும் கருவி வாங்கிய புதிது. ஒரு மாணவியின் காதில் இடைவிடாமல் பேசினேன். "இப்போது கிளட்ச்... இப்போது பார்... இப்போது விடு..." பிசிறில்லாமல் ஓட்டினாள். எனக்கு ஒரே பெருமை. நான்காம் நாள் கருவியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. வளைவுக்குப் பத்தடி முன்னால் வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, என் பக்கம் திரும்பி நின்றாள். எதுவுமே கேட்கவில்லை. காத்திருந்தாள்.

இதையொட்டி, கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறேன். யாரும் கேட்கவில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மாணவிக்கு நடந்ததை 1984இலேயே சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த நேரத்தில் திறமை கூடும், ஆனால் கற்பவர் அந்தத் திருத்தத்தையே ஊன்றுகோலாக்கிக்கொள்வார். ஊன்றுகோல் போனால் விழுவார். எனவே ஓடும்போது பேசாதீர்கள். ஒரு சுற்று முடிந்து வண்டி நின்ற பிறகு பேசுங்கள். அப்போதும் முதலில் நீங்கள் பேசாதீர்கள். "எப்படி இருந்தது? எந்த இடத்தில் வண்டி உங்கள் பேச்சைக் கேட்கவில்லை?" என்று கேளுங்கள். பத்தில் எட்டுப் பேர் தவற்றைத் தாங்களே சொல்லிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தானே கண்டுபிடித்த தவறு மறுபடி வருவது குறைவு.

அடுத்தது, ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு திருத்தம். முதுகு, முழங்கால், பார்வை, கிளட்ச் என்று நான்கையும் அடுக்கினால் மாணவர் தலையாட்டுவார், ஒன்றையும் செய்யமாட்டார். எதைச் சரிசெய்தால் மற்றவை தானாகச் சரியாகுமோ அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் தொழில். ஓட்டிக் காட்டும்போது முதல் முறை வாயைத் திறக்காமல் ஓட்டிக் காட்டுங்கள். கண்ணும் காதும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் இரண்டும் அரைகுறை.

சொல்லும் சொல் உடம்பைப் பற்றியதாக இருக்க வேண்டாம், வண்டியைப் பற்றியதாக இருக்கட்டும். காப்ரியேல வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றில் சோதித்துப் பார்த்தார். பாதத்தை அழுத்துவதில் கவனம் வைத்தவர்களைவிட, பாதத்துக்கு அடியிலிருந்த சக்கரத்தை அழுத்துவதில் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். "விரலை மெதுவாக மடக்கு" என்பதைவிட "முன் ஷாக் அப்சார்பர் மெல்ல அமுங்கட்டும்" என்று சொன்னால் கை தானாக மென்மையாகிறது. நாளையே முயன்று பாருங்கள்.

இன்னொன்று, ஒரே பயிற்சியை இருபது முறை தொடர்ந்து செய்ய வைக்காதீர்கள். 1979இல் ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள்: ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது மேலாகத் தெரிந்தார்கள், கலந்து செய்தவர்களுக்குத்தான் பிறகும் நினைவில் நின்றது. மூன்று எட்டு, பிறகு நிறுத்தம், பிறகு நெளிந்து போவது, மறுபடி எட்டு என்று மாற்றிக் கொடுங்கள். கிளட்ச் பிடிக்கும் இடது கை சோர்ந்துவிட்டதா என்று பாருங்கள். வண்டி திடீரென்று குதிக்க ஆரம்பித்தால் அது கவனக்குறைவு அல்ல, முன்கையில் வலி. அந்த நேரத்தில் கத்துவதைவிடப் பாவம் இல்லை. இறங்கி உட்காரச் சொல்லுங்கள்.

இரண்டு விரல்

கடைசியில் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். கலந்து கொடுப்பது பற்றி மட்டும் ஒரு மறுப்பு. பிரேக் லீவரில் விரல் இன்னும் பழகாதவருக்கு முதல் நாளே கலந்து கொடுத்தால் பயம்தான் மிஞ்சும். ஒருமுறையாவது தானாக, சுத்தமாக நிறுத்திப் பார்க்கட்டும். அதன் பிறகு கலக்கலாம்.

மலைவளைவு

எல்லோரும் திணறிய மாணவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். என்னுடையவன் திணறவே இல்லை.

ஏற்கெனவே சைக்கிள் பந்தயம் ஓட்டியவன். முதல் நாளே எல்லாம் வந்தது. மற்ற ஐந்து பேரைக் கவனிக்கவே எனக்கு நேரம் போதவில்லை. அவன் பக்கம் போகும்போதெல்லாம் "அருமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பயிற்சி முடிந்து இரண்டு மாதத்தில் மருத்துவமனையிலிருந்து அவனே தொலைபேசியில் பேசினான். இடப்பக்க வளைவு ஒன்றில் நினைத்ததைவிட வேகமாக நுழைந்திருக்கிறான். பயந்து பிரேக் பிடித்திருக்கிறான், வண்டி நிமிர்ந்து நேராக எதிர்ப்பக்கத்துக்குப் போயிருக்கிறது. "சாய்க்க வேண்டும் என்று தெரிந்தது அண்ணா. எதைச் செய்தால் சாயும் என்று தெரியவில்லை" என்றான். தொடை எலும்பு முறிந்து படுத்திருப்பவன் என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல அதைச் சொன்னான்.

வேகத்தில் வண்டியைச் சாய்ப்பது உடம்பு அல்ல, கைப்பிடி. இடது கைப்பிடியை முன்னால் தள்ளினால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அவன் மைதானத்தில் தன்னையறியாமல் அதைச் செய்துகொண்டிருந்தான், நானும் அவனுக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். தன்னையறியாமல் செய்வது பயத்தில் கைக்கு வராது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நேரான பாதையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகச் சொல்லி, இடது உள்ளங்கையால் மட்டும் கைப்பிடியை மெல்ல முன்னால் அழுத்தச் சொல்கிறேன். பிறகு வலது. திரும்பி வந்ததும், "நீங்கள் என்ன செய்தீர்கள், வண்டி என்ன செய்தது, உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று கேட்கிறேன். சொல்ல முடியாதவர்களை மறுபடி அனுப்புகிறேன். அவன் இப்போது நடக்கிறான். பைக் ஓட்டுவதில்லை.

அரைக்கிளட்ச்

மலைவளைவு, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என் வகுப்பிலும் அப்படி ஒரு பெண் இருக்கிறாள், நாளை காலை வருகிறாள். இதுவரை அவளிடம் "நன்று" தவிர எதுவும் சொன்னதில்லை.

பின்னிருக்கை

நான் வந்து ஆறு மாதம்தான். ஒன்றே ஒன்று.

அரைவட்டத் திருப்பம். ஓர் ஐயா, ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு, "பத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்பேன். நான்கு, ஐந்து, ஐந்து, ஆறு. ஆறிலேயே நின்றுவிட்டது. "ஏழாக என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். கிளட்ச் என்பார், பார்வை என்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிறிது யோசித்தார். "தம்பி, நீ கொஞ்சம் தள்ளி நிற்கிறாயா? நீ கையை நீட்டி ஓடிவரத் தயாராக நிற்பதைப் பார்த்தால், நான் விழப்போகிறேன் என்றே தோன்றுகிறது."

கோட்டுக்கு வெளியே போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கிளம்பினார். திருப்பத்தில் வண்டி ஒரு முறை தள்ளாடியது, என் வலது கால் தானாக ஓரடி முன்னால் வந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை. தலை முழுவதும் திரும்பி, போக வேண்டிய பக்கம் இருந்தது.