கலைச்சொல் விவாதம்: நுண்ணலைப் பதியடுப்பு

பொருள்: பதில்: சுவர் அலமாரிக்குள் பொருத்தும் மைக்ரோவேவுக்குத் தமிழில் என்ன?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சேலத்திலிருந்து ‘உள்ளமை நுண்ணலை அடுப்பு’ வந்திருக்கிறது. ஈரோட்டிலிருந்து ‘புதையடுப்பு’. பொள்ளாச்சி அம்மா ‘செருகடுப்பு’ என்கிறார். திருப்பூர் அண்ணனோ சொல்லே வேண்டாம் என்கிறார்:

> மைக்ரோவேவ் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. கிரைண்டருக்குத் தமிழ்ச்சொல் தேடிவிட்டா மாவு ஆட்டுகிறோம்?

அண்ணனுக்கு முதல் பதில். கிரைண்டர் கோவையின் சொந்தப் பொருள், புவிசார் குறியீடு வரை பெற்றது. அந்தப் பெயரிலேயே இருக்கட்டும். பேச்சில் மைக்ரோவேவும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குச் சொல் தேவைப்படுவது வேறோர் இடத்தில். கோவையில் சமையலறை அலமாரி செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கும் ஆசாரிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் பொதுவான அளவுத்தாளைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு. அதில் ‘மைக்ரோவேவ்’ என்று மட்டும் எழுதினால் மூவரும் மூன்று பொருளை நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் மேடைமேல் வைக்கும் வகையை வாங்கி வருகிறார். ஆசாரி அதை நாற்புறமும் பிளைவுட் அடைத்த பெட்டிக்குள் தள்ளுகிறார். எலக்ட்ரீஷியன் பிளக்கை அதன் முதுகுக்கு நேர் பின்னால் வைத்துவிடுகிறார். பிறகு அணைக்க வேண்டுமென்றால் அடுப்பையே வெளியே இழுக்க வேண்டும்.

இதில் கெடுவது அழகு மட்டுமல்ல. மின்சாரத்தில் 1,400 வாட் இழுக்கும் மைக்ரோவேவ் உணவுக்குக் கொடுப்பது 900 வாட் அளவுக்குத்தான். மீதி பெரும்பாலும் நுண்ணலையை உண்டாக்கும் மேக்னெட்ரான் குழலிலும் மின்மாற்றியிலும் வெப்பமாகிறது. உள்ளே ஒரு விசிறி அந்த வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மேடைமேல் வைக்கும் வகைக்குக் காற்றுத் துளைகள் பக்கத்திலும் முதுகிலும் மேலேயும் இருக்கும். அதைப் பெட்டிக்குள் அடைத்தால் தள்ளிய சூடான காற்றையே திரும்ப உறிஞ்சுகிறது. சமையலின் நடுவில் வெப்பக் காப்புச் சுவிட்ச் அணைத்துவிடும், மேக்னெட்ரானின் ஆயுளும் குறையும். அலமாரிக்கென்றே செய்த வகையில் காற்றின் பாதை வேறு. சில மாதிரிகள் முகப்புச் சட்டத்தின் இடைவெளி வழியாகவே மூச்சு விடும். சிலவற்றுக்கு அலமாரியின் முதுகுப்பலகையை எடுத்துவிட்டு, பின்னால் காற்று ஏறிப்போக இடம் விட வேண்டும். எதுவானாலும் மாதிரியோடு வரும் அளவுப் படத்தைப் பார்க்காமல் ரம்பத்தைத் தொடக்கூடாது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் ‘உள்ளே இருப்பது’ என்று சொன்னால் போதாது. அலமாரியும் அடுப்பும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டவை என்பது அதில் தெரிய வேண்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் ‘உள்ளமை’ பொருந்தவில்லை. கைப்பேசிக்குள் இருக்கும் கேமராவை உள்ளமைந்த கேமரா என்கிறோம், அது கைப்பேசியின் உறுப்பு. இந்த அடுப்போ அலமாரியின் உறுப்பு ஆகாது, திருகைக் கழற்றினால் தனியே வந்துவிடும். ‘புதை’ என்றால் காற்றே இல்லாத இடம் என்ற எண்ணம் வருகிறது. நாம் தவிர்க்கச் சொல்லும் தவற்றையே பெயராக வைப்பது ஆகாது.

பொள்ளாச்சி அம்மாவின் ‘செருகடுப்பு’ நல்ல சொல், அதை விடக்கூடாது என்பது என் வாதம். ஆனால் அதன் இடம் வேறு. மேடை வகை அடுப்பு ஒன்றைக் காற்றுக்கு இடம் விட்ட மாடத்துக்குள் வைத்து, சுற்றிலும் தெரியும் இடைவெளியை மறைக்க விளிம்புச் சட்டம் மாட்டுவது உண்டு. சட்டத்தைக் கழற்றி இழுத்தால் திரும்பவும் மேடைக்குப் போய்விடும். செருகுவது, உருவுவது இரண்டும் இதற்கே பொருந்தும். அதற்கும் அந்தந்த நிறுவனம் அனுமதித்த மாதிரியும் சட்டமும் மட்டுமே ஆகும்.

என் பரிந்துரை ‘பதியடுப்பு’. கொத்தனார் டைல்ஸ் பதிக்கிறார், தட்டார் தோட்டில் கல் பதிக்கிறார். கல்லின் அளவுக்குக் குழி, குழியின் அளவுக்குக் கல். பதித்த அடுப்பு, பதிக்கும் அடுப்பு என்று காலம் மூன்றுக்கும் நிற்கும் வினைத்தொகை. ஊறுகாய், குடிநீர் போல நாவில் உட்காரும்.

மேடையடுப்பு, செருகடுப்பு, பதியடுப்பு என்று மூன்றையும் அளவுத்தாளில் பிரித்து எழுதிவிட்டால் மேலே சொன்ன குழப்பத்தில் பாதி தீரும்.

நம் வீடுகளில் இது எதற்கு என்று இதே இழையில் கேட்டிருந்தார்கள். கொங்குச் சமையல் மேடையை நினைத்துப் பாருங்கள். கேஸ் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், குடிநீர் வடிகட்டி, போதாததற்குத் தோட்டத்திலிருந்து வந்த தேங்காயோ வாழைத்தாரோ. மேடையின் ஆழம் பெரும்பாலும் இரண்டு அடி. மைக்ரோவேவ் அகலத்தில் ஒன்றரை அடியாவது தின்றுவிடும். அதன் முன்னால் மிச்சமிருக்கும் கையகல இடத்தில் சந்தகை பிழிய முடியாது. அடுப்பு அலமாரிக்குப் போய்விட்டால் அந்த இடம் மொத்தமும் கைக்கு வருகிறது. எனக்குத் தெரிந்து பதியடுப்பின் முதல் பயன் இதுதான். கடைக்காரர்கள் முதலில் பேசும் பளபளப்பை நான் பின்னால்தான் வைப்பேன்.

அடுத்தது உயரம். உயர அலமாரியில் அடுப்பின் தளம் நிற்பவரின் முழங்கை மட்டத்துக்கு அருகே வரும்படி நாம் தீர்மானிக்கலாம். வயதானவர்கள் குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். கொதிக்கிற கொள்ளு ரசத்தைத் தோளுக்கு மேலிருந்து இறக்குவது ஆபத்து. வழவழப்பான கோப்பையில் தண்ணீரை மட்டும் சூடாக்கும்போது குமிழி வராமலேயே 100 பாகையைத் தாண்டிவிடுவதுண்டு. கரண்டி பட்டவுடன் பொங்கி எறியும். அது முகத்துக்கு நேராக நடக்கக் கூடாது. வீட்டில் யார் அதிகம் சமைக்கிறார்களோ அவரை நிற்க வைத்து அளவெடுங்கள் என்று ஆசாரிகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பல வீடுகளில் அளவு கொடுக்க முன்வந்து நிற்பவர் சமையலறைப் பக்கமே போகாத ஆண்பிள்ளை.

துடைக்கும் வேலையும் குறைகிறது. மேடையடுப்பின் முதுகுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் எண்ணெய்ப் பிசுக்கும் கடுகும் சேரும் சந்து இதில் இல்லை. ஒயரும் தொங்காது.

செலவு கூடுதல்தான். பழுது பார்க்க ஆள் வந்தால் முதலில் சட்டத்தைக் கழற்ற வேண்டும். பின்னாளில் மாற்றும்போது அதே மாடத்துக்கு ஒத்த மாதிரியைத் தேட வேண்டும். 60 செ.மீ. அகல அலமாரி, 38 செ.மீ. உயர மாடம் என்று பரவலாகப் புழங்கும் அளவில் செய்துவிட்டால் அந்தத் தேடல் எளிது. வாடகை வீட்டுக்கு மேடையடுப்பே போதும்.

இன்னும் ஒன்று. பதித்த வகையைப் புதிதாக வந்த ஆடம்பரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் 1945-ல் மேக்னெட்ரானின் அலை உணவைச் சூடாக்குவதைக் கவனித்த பிறகு, 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் இயந்திரம் ஆளுயரம், எடை ஏறக்குறைய 340 கிலோ. 1955-ல் டாப்பன் நிறுவனம் வீட்டுக்கென்று கொண்டுவந்தது சுவரில் பொருத்தும் வகையைத்தான். மேடைமேல் ஏறிய அமானா நிறுவன அடுப்பு 1967-ல் வந்தது. வரிசைப்படி மேடையடுப்பே தம்பி.

அன்புடன்,
கோவைப் பட்டறையிலிருந்து

—

பொருள்: பதில்: பதில்: சுவர் அலமாரிக்குள் பொருத்தும் மைக்ரோவேவுக்குத் தமிழில் என்ன?

அன்புத் தம்பிக்கு,

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வினைத்தொகை சரி, புணர்ச்சியும் சரி. பதி என்பதற்கு ஊர், தலைவன் என்ற பொருளும் உண்டு. ஆனால் அடுப்போடு சேரும்போது யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள், அதை விட்டுவிடலாம்.

என் ஐயம் வேறு. மேடைக் கல்லை அறுத்து உள்ளே இறக்கும் கேஸ் அடுப்பு இப்போது பல வீடுகளில் வந்துவிட்டது. ஹாப் என்கிறார்கள். அதுவும் பதித்த அடுப்புதானே? தமிழில் அடுப்பு என்றால் எரிவதும் அடுப்பு, சூளைபோல் மூடியிருப்பதும் அடுப்பு. ‘பதியடுப்பு’ என்று அளவுத்தாளில் பார்த்த கொத்தனார் கிரானைட்டை அறுக்கப் போய்விட்டால்?

‘மாடம்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதையே பிடித்துக்கொள்ளலாம். விளக்கு வைக்கச் சுவரில் மாடம் விட்டுக் கட்டிய வீடுகள் இன்னும் நம் ஊர்களில் நிற்கின்றன. மாடத்து அடுப்பு என்றால் சுவரில் இருப்பது என்று குழந்தைக்கும் விளங்கும்.

12 செ.மீ. நீளமுள்ள அலையை நுண்ணலை எனலாமா என்று வேறொருவர் கேட்டிருந்தார். வானொலியின் மத்திய அலை நூற்றுக்கணக்கான மீட்டர். அதன் பக்கத்தில் இது நுண்மைதான். பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல்லை அசைக்க வேண்டாம்.

—

பொருள்: பதில்: பதில்: பதில்: சுவர் அலமாரிக்குள் பொருத்தும் மைக்ரோவேவுக்குத் தமிழில் என்ன?

ஐயா, வணக்கம்.

ஹாப் பற்றிய உங்கள் ஐயம் மிகச் சரியானது. ‘பதியடுப்பு’ தனியே நிற்கக் கூடாது. எதனால் சூடாகிறது என்பதை முன்னால் வைத்துவிடுவோம்: நுண்ணலைப் பதியடுப்பு, எரிவாயுப் பதியடுப்பு. கொத்தனார் எரிவாயு என்று பார்த்தால் கல்லை அறுப்பார், நுண்ணலை என்று பார்த்தால் ஆசாரியைக் கூப்பிடுவார். நாளைக்கு வேறு வகை அடுப்பு வந்தாலும் முன்சொல்லை மாற்றினால் போதும்.

மாடத்தை அடுப்புக்குக் கொடுக்க மனமில்லை, ஐயா. சேர்த்து எழுதினால் ‘மாடத்தடுப்பு’ ஆகிறது. அவசரத்தில் படிப்பவர் மாடத்துக்கு ஏதோ தடுப்பு என்று எடுத்துக்கொள்வார். அதைவிட முக்கியமாக, அடுப்பு உட்காரும் அந்தக் குழிக்கே ஒரு சொல் வேண்டியிருக்கிறது. ஆசாரிகள் இப்போது ‘கட்டிங்’ என்றும் ‘ஓப்பனிங்’ என்றும் ‘பாக்ஸ்’ என்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாடம் அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. பட்டறையில் ‘மாடத்துக்கு ரசமட்டம் வை’ என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் விளக்கம் கேட்கவில்லை. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்ற பிறகுதான் அடுப்பை ஏற்றினார்கள்.

அளவுத்தாளுக்காக எழுதி வைத்திருக்கும் வரைவு இது:

நுண்ணலைப் பதியடுப்பு: சமையலறை அலமாரியில் அளவெடுத்து விட்ட மாடத்தில், தனக்கென அமைந்த காற்றுவழியோடு திருகிப் பொருத்தும் நுண்ணலை அடுப்பு. பிளக் அடுத்த அலமாரியில், கை எட்டும் இடத்தில், நில இணைப்போடு 16 ஆம்பியர். பெரும்பாலான கதவுகள் இடப்பக்கக் கீலில் திறப்பவை. அதனால் மாடத்தின் இடப்பக்கம் சுவர் ஒட்டக் கூடாது. சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க வலப்பக்கம் மேடை வேண்டும்.

‘காற்றுவழி’ என்பதை ‘வெப்பப்போக்கி’ என்று மாற்றலாமா என யோசித்தேன். புகைபோக்கி பழகிய வாய்க்கு அது எளிதுதான். ஆனால் உள்ளே வரும் குளிர்ந்த காற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதால் காற்றுவழியையே வைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சி அம்மா, ‘செருகடுப்பு’க்கான விளக்கத்தை நீங்களே எழுதி அனுப்ப வேண்டும். விளிம்புச் சட்டத்தை உங்கள் பக்கத்து ஆசாரிகள் என்னவென்று அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அளவுத்தாள் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.