கார்டென் தகட்டில் வெல்டு கோடு மட்டும் துரு உதிர்கிறது, என்ன செய்யலாம்?

கோவை_ஃபேப்:
வணக்கம். ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு 6 மி.மீ. கார்டென் (Corten, மேல் துருவே பாதுகாப்புப் படலமாகும் எஃகு) தகட்டில் பெரிய பூந்தொட்டிகள் செய்து கொடுத்தோம். பெயின்ட் கிடையாது, துருதான் அழகு என்று ஆர்க்கிடெக்ட் சொல்லிவிட்டார். வெல்டிங் வழக்கமான 7018 ராடுதான் (சாதாரண இரும்புக்கான வெல்டிங் குச்சி). ஒரு மழைக்காலம் போனதும் தகடு நல்ல பழுப்பாகிவிட்டது. வெல்டு கோடுகள் மட்டும் ஆரஞ்சு நிறம். தொட்டால் பொடி கையில் ஒட்டுகிறது. ஜாயின்ட் அரித்துப் போய்விடுமா?

பழைய_வெல்டர்:
ராடுதான் காரணம் தம்பி. கார்டெனில் இருக்கும் செம்பும் குரோமியமும்தான் துருவை நெருக்கமான படலமாக்கித் தகட்டைக் காக்கின்றன. 7018இல் அதற்கு வழியில்லை. போதாததற்கு வெல்டு மெட்டல் ஆனோடாகிவிடும், அதாவது தகட்டுக்குப் பதிலாக அதுவே முதலில் அரிபடும். சின்ன பீட் (வெல்டு வரி), சுற்றிலும் பெரிய தகடு. அரிப்பு மொத்தமும் பீட்டின் தலையில்தான். கார்டெனுக்கான ராடு இ8018-டபிள்யூ2 வாங்குங்கள். மிக் (கம்பி ஊட்டும் வாயு வெல்டிங்) என்றால் 1 சதவீத நிக்கல் உள்ள ஈஆர்80எஸ்-என்ஐ1 கம்பி.

க்யூசி_அக்கா:
எல்லாப் பழியையும் ராடு மேல் போட வேண்டாம் அண்ணா. சின்ன ஃபில்லட்டை (மூலையில் போடும் முக்கோண வெல்டு) ஒரே பாஸில், அதாவது ஒரே ஓட்டத்தில் போட்டால், உருகும் தகட்டிலிருந்தே செம்பும் குரோமியமும் பீட்டில் கலந்துவிடும். அதனால்தான் ஏடபிள்யூஎஸ் டி1.1 என்ற அமெரிக்க வெல்டிங் விதிநூல், கை ராடில் 6 மி.மீ. வரை ஒற்றை பாஸ் ஃபில்லட்டுக்குச் சாதாரண ராடையே அனுமதிக்கிறது. பல பாஸ் என்றால் உள்ளே 7018 போதும், வெளியே தெரியும் கடைசி இரண்டு லேயர் டபிள்யூ2. கோவை தம்பி, உங்களுடையது எத்தனை பாஸ்? எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா?

கோவை_ஃபேப்:
மூலையில் மூன்று பாஸ் அக்கா. மேலே நிறம் மட்டும்தான் வேறு. அடித்தட்டு சேரும் இடத்தில் குழி விழுகிறது. அங்கே உள்பக்கம் விட்டு விட்டுத்தான் வெல்டிங்.

க்யூசி_அக்கா:
சரி, அப்போது இது இரண்டு பிரச்சினை. மேலே ராடு, அடியில் தண்ணீர். விட்டு விட்டுப் போட்ட வெல்டின் இடுக்கில் ஈரம் தங்கும். நனைந்து நனைந்து காய்ந்தால்தான் கார்டெனில் படலம் கட்டும். எந்நேரமும் ஈரமென்றால் சாதாரண இரும்பு மாதிரிதான் துருப்பிடிக்கும், டபிள்யூ2 போட்டாலும். மண் படும் உள்பக்கம் முழுவதற்கும் இதே கதைதான். மண்ணை எடுத்துவிட்டு இடைவெளிகளைத் தொடர் வெல்டால் மூடுங்கள், உள்ளே பிட்டுமென் (தார் போன்ற) கோட்டிங் கொடுங்கள். வடிகால் ஓட்டை போட்டு, தொட்டியைத் தரையில் படாமல் தூக்கி வையுங்கள். வெளியே மேல் பீட்டைக் கிரைண்ட் செய்து டபிள்யூ2 இரண்டு லேயர்.

பழைய_வெல்டர்:
அக்கா சொல்வது சரி. ராடை ராடு அடுப்பில் (ஓவன்) காயவைத்தே எடுங்கள். ஸ்லாக் (வெல்டு மேல் படியும் கசடு), ஸ்பேட்டர் (தெறித்த துளிகள்) எல்லாம் போக பிளாஸ்டிங் (மணல் போன்ற துகள் வீச்சு) அடித்தால்தான் நிறம் ஒரே சீராக வரும். அப்புறம், சீக்கிரம் துரு வரட்டும் என்று யாராவது உப்புத் தண்ணீர் தெளிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். உப்பு இடுக்கில் தங்கினால் படலம் நிலைக்காது.