சி.எஸ்.ஆர். என்பதற்குத் தமிழ்: ‘பொறுப்பு’ போதுமா?

செந்தூலிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் குடியிருப்பாளர் சங்கம் பெற்றோருக்காக ஒரு சிறு கையேடு தயாரிக்கிறது. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகள் முதன்முதலில் வேலைக்குப் போகும் இடங்களைப் பற்றியது அது. எங்கள் பகுதியில் அந்த இடம் பெரும்பாலும் துரித உணவகம்தான். அந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தவள், சி.எஸ்.ஆர். (corporate social responsibility), அதாவது சமூகத்துக்கு நிறுவனங்களின் பொறுப்பு, என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

காரணத்தைச் சொல்கிறேன். சென்ற மாதம் இங்குள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு துரித உணவு நிறுவனம் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வழங்கியது. மேடையின் பின்னால் தொங்கிய பதாகையில் ‘சமூகப் பொறுப்பு நிகழ்ச்சி’ என்று எழுதியிருந்தது. பை வாங்க வந்த ஒரு தாய், மைக்கைப் பிடித்திருந்த அதிகாரியிடம் எழுந்து நின்று கேட்டார்: “என் மூத்த மகள் உங்கள் கடையில்தான் வேலை செய்கிறாள். இரவு வேலை முடியும்போது பஸ் இருப்பதில்லை. அவள் வீடு வந்து சேருவது இந்தப் பொறுப்பில் சேருமா?” அதிகாரி மரியாதையாகவே பதில் சொன்னார்: “அது வேறு பிரிவு அம்மா.”

அவர் மழுப்பியதாக நான் நினைக்கவில்லை. பதாகையில் இருந்த சொல்லுக்கு அவர் அறிந்த பொருள் பை கொடுப்பது. நாமும் பல ஆண்டுகளாக அந்தச் சொல்லை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோம். நாளிதழில் ‘சமூகப் பொறுப்பு’ என்று பார்த்தவுடன் பெரிய காசோலையும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நான்கு பேரும்தானே நினைவுக்கு வருகிறார்கள்?

கருத்தின் உள்ளடக்கம் அதுவல்ல. 2001-இல் ஐரோப்பிய ஆணையம் இதை வரையறுத்தபோது, நிறுவனங்கள் தாமாக விரும்பிச் செய்வது என்ற குறிப்பு அதில் இருந்தது. 2011-இல் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, சமூகத்தின் மீது தாம் உண்டாக்கும் விளைவுகளுக்கு நிறுவனங்கள் ஏற்க வேண்டிய பொறுப்பு என்று சுருக்கினார்கள். 2010-இல் அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட ஐஎஸ்ஓ 26000 வழிகாட்டியும் ஓர் அமைப்பின் முடிவுகளாலும் செயல்களாலும் வரும் விளைவுகளைத்தான் மையமாக வைத்தது. அதாவது, லாபத்தில் எவ்வளவு கொடுத்தாய் என்பது பின்னால் வரும் கேள்வி. அந்த லாபத்தை எப்படி ஈட்டினாய் என்பதே முதற்கேள்வி.

நம் நாட்டிலும் அப்படித்தான். 2006-இல் நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியா, பட்டியலிட்ட நிறுவனங்களுக்காக வெளியிட்ட கட்டமைப்பில் சுற்றுச்சூழல், பணியிடம், சமூகம், சந்தை என்று நான்கு களங்கள் இருந்தன. பணியிடம் தனிக்களம் என்பதைக் கவனியுங்கள். அந்தத் தாயின் கேள்வி முழுக்க முழுக்க அதற்குள் அடங்கும்.

பிறகு நம் சொல் மட்டும் எப்படி இவ்வளவு குறுகிப்போனது? தமிழ்நாட்டு இதழ்களின் வழக்கு நம்மை இழுத்துப் போயிருக்கலாம் என்பது என் எண்ணம். இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தன் ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மட்டுமே பயன்படும் செலவு அந்தக் கணக்கில் சேராது. ஆகவே சென்னையில் ‘சமூகப் பொறுப்பு நிதி’ என்று எழுதுவது அவர்கள் சட்டத்துக்குச் சரி. நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும்போது வேலை செய்யும் பெண் வெளியே போய்விடுகிறாள்.

துரித உணவுத் தொழிலைப் போல் இந்தக் குழப்பத்தைத் தெளிவாகக் காட்டும் தொழில் வேறில்லை. கேஎஃப்சி 1973-இல் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலும், மெக்டொனால்ட்ஸ் 1982-இல் புக்கிட் பிந்தாங்கிலும் முதல் கடையைத் திறந்தன. இன்று நம் பேரப்பிள்ளைகளுக்கு அவை கோயில் அன்னதானம்போல் பழகிய இடங்கள். மெக்டொனால்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் மருத்துவமனைக்கு அருகே தங்குவதற்கான ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் 1974-இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. கிளந்தானின் குபாங் கிரியானிலும் அப்படி ஓர் இல்லம் உண்டு. மனமாரப் பாராட்ட வேண்டிய பணி, அது கொடை. 1990-இல் அமெரிக்காவில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து ஆராய்ந்து, பாலிஸ்டைரீன் பெட்டியைக் கைவிட்டுக் காகித உறைக்கு மாறினார்களே, அது கொடை அல்ல. தன் குப்பையைத் தானே குறைத்தது. 2006-இல் அமேசான் காட்டை அழித்து விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்ற உடன்பாட்டுக்குத் துணை நின்றது இன்னொரு வகை. தன் கோழி தின்னும் தீவனம் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தது. இந்த மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல், ஒரே காசோலைப் படம்.

லண்டனில் ஹெலன் ஸ்டீல், டேவிட் மோரிஸ் என்ற இருவர் மீது, தன்னைக் குறைகூறிய ஒரு துண்டறிக்கைக்காக அதே நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கையும் மறக்க வேண்டாம். 1997-இல் வந்த தீர்ப்பு, துண்டறிக்கையின் பல குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்படவில்லை என்று நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஆனால் அதே தீர்ப்பில், விளம்பரங்கள் வழியாகக் குழந்தைகளைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதும், குறைந்த கூலி கொடுத்து பிரிட்டனின் உணவகத் தொழிலில் கூலி தாழ்வதற்குத் துணைபோகிறது என்பதும் உண்மை என்று நீதிபதி எழுதினார். குழந்தைகளுக்காக இல்லம் கட்டும் நிறுவனம், குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரம். இரண்டையும் ஒரே தாளில் எழுத நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

என் முன்மொழிவு: கொடைக்கு ‘நிறுவன அறக்கொடை’. விளைவுகளுக்கான பொறுப்புக்கு ‘நிறுவன ஒப்புரவு’. வள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் ஒன்றாகக் கலக்கவில்லை. இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு வாழ்வதற்கு ஊருக்குச் செய்ய வேண்டியதை அறிந்து செய்வது ஒப்புரவு. நமக்கு வேண்டிய வேறுபாடு அங்கேயே இருக்கிறது. கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து:

அம்மா, வணக்கம். பிரித்துக் காட்டியது நன்று. ஆனால் ‘ஒப்புரவு’ எங்கள் காதுக்கு வேறு. நான் புனித அன்னாள் ஆலயப் பங்கைச் சேர்ந்தவன். கத்தோலிக்கருக்கு ஒப்புரவு என்றால் பாவ அறிக்கை செய்து இறைவனோடு மீண்டும் இணைவது. அது ஓர் அருட்சாதனத்தின் பெயர். செய்தித்தாளிலும் பகை தீர்ந்து இணக்கம் வருவதை ‘ஒப்புரவு’ என்று எழுதக் கண்டிருக்கிறேன். ‘துரித உணவு நிறுவனத்தின் ஒப்புரவு அறிக்கை’ என்று படித்தால் என் தாயார் அது எந்தப் பாவத்தை ஒப்புக்கொண்டது என்றுதான் கேட்பார்.

நீங்கள் காட்டிய அதிகாரத்தின் முதற்குறளிலேயே வேறொரு சொல் கிடக்கிறதே, பார்க்கவில்லையா? “கைம்மாறு வேண்டா கடப்பாடு.” மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும் என்று கேட்கும் குறள். ‘நிறுவனச் சமூகக் கடப்பாடு’ என்று வைத்துப் பாருங்கள். ‘கடன்’ இன்னும் சுருக்கமானது. ஆனால் ‘நிறுவனச் சமூகக் கடன்’ என்றால் வட்டி எவ்வளவு என்று கேட்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

இரண்டு செய்திகள். முதலாவது, எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. இலங்கையில் இதற்குக் ‘கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு’ என்று வழங்குகிறார்கள். நிறுவன அறிக்கைகளில் எல்லாம் அதுதான். மூன்று நாட்டுத் தமிழரும் ஒரே சொல்லை ஆள வேண்டும் என்பவன் நான். ஆனாலும் இங்கே கூட்டாண்மை என்றால் பங்காளிகளாகச் சேர்ந்து செய்யும் தொழில் என்றே விளங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது, நான் பல ஆண்டுகள் செய்தி மொழிபெயர்த்தவன். இந்நாட்டில் ‘கடப்பாடு’ என்ற சொல்லை நாங்களே தேய்த்துவிட்டோம். அமைச்சர் எதைச் சொன்னாலும் ‘அரசாங்கம் கடப்பாடு கொண்டுள்ளது’ என்று எழுதினோம். ‘கோமிட்மென்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு நேராக அதை வைத்தோம். இப்போது வாசகருக்கு அது வாக்குறுதி என்றே கேட்கிறது. துரித உணவு நிறுவனம் ‘சமூகக் கடப்பாடு கொண்டுள்ளது’ என்றால், சரி, அதுவும் ஒரு வாக்குறுதி என்று போய்விடுவார்கள். அதைவிட இலங்கையில் நிலைபெற்ற ‘பொறுப்புக்கூறல்’ வலுவானது. பொறுப்புக்கு மலாயில் உள்ள ‘தங்கோங்ஜவாப்’ என்ற சொல்லைப் பாருங்கள்: ‘தங்கோங்’ என்றால் சுமப்பது, ‘ஜவாப்’ என்றால் பதில். சுமக்கவும் வேண்டும், பதில் சொல்லவும் வேண்டும். நம் ‘பொறுப்பு’ பொறுப்பதோடு நின்றுவிடுகிறது. பதில் சொல்லும் பாதியைக் ‘கூறல்’ கொண்டுவருகிறது. நம் தாத்தா காலத்தில் ‘ஜவாப்தாரி’ என்று எழுதினார்களே, அதில்கூட இந்தப் பதில் இருந்தது.

செந்தூலிலிருந்து:

இருவருக்கும் நன்றி. ஒப்புரவை விட்டுவிடுகிறேன். ஒரு சமயத்தார் நாள்தோறும் புனிதமான பொருளில் சொல்லும் சொல்லை உணவுக்கடைக்கு இழுத்து வருவது முறையல்ல. எனக்கு மனம் இல்லாமல்தான் விடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் ஐயாவின் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். தேய்ந்தது சொல்லா, அதோடு சேர்ந்த வினையா? ‘நிறுவனம் கடப்பாடு கொண்டுள்ளது’ என்னும்போது நிறுவனம் எழுவாய். அதுவே விரும்பி எடுத்துக்கொள்கிறது, நாளை விரும்பினால் கீழே வைத்துவிடலாம். ‘நிறுவனத்துக்குக் கடப்பாடு உண்டு’ என்று எழுதிப் பாருங்கள். நான்காம் வேற்றுமை வந்தவுடன் நிறுவனத்தின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. எனக்குப் பசி, எனக்குக் காய்ச்சல் என்பது போல, கேட்காமலே வந்து சேர்ந்தது. ஐரோப்பிய ஆணையம் 2011-இல் ஒரு குறிப்பை நீக்கிச் செய்ததைத் தமிழில் ஒரு ‘கு’ உருபு செய்துவிடுகிறது. ஆகவே சொல்லை மட்டும் பரிந்துரைத்தால் போதாது, வாக்கியத்தையும் சேர்த்தே பரிந்துரைக்க வேண்டும்: கடப்பாடு ‘உண்டு’, கடப்பாட்டை ‘நிறைவேற்றியது’, கடப்பாட்டில் ‘தவறியது’. ‘கொண்டுள்ளது’ வேண்டாம்.

‘கைம்மாறு வேண்டா’ என்பதும் இங்கே பயன்படுகிறது. விளம்பரப் பலன் கருதிச் செய்தது கடப்பாட்டில் சேராது என்று விளக்கக்குறிப்பில் எழுதலாம். அதே பகுதியில் 218-ஆம் குறள், வசதி குறைந்த காலத்திலும் கடன் அறிந்தவர்கள் தளரமாட்டார்கள் என்கிறது. லாபம் குறைந்த ஆண்டில் முதலில் வெட்டப்படுவது எது என்று கணக்குப் பிரிவில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

‘நிறுவனம்’ என்பதற்கு முன் ‘பெரு’ என்ற அடை வேண்டாம் என்று நினைக்கிறேன். மெக்டொனால்ட்ஸ் பெயரில் உலகெங்கும் இயங்கும் கடைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உரிமம் பெற்ற வேறு நிறுவனங்களோ தனியாரோ நடத்துபவை. மலேசியக் கடைகளும் உள்நாட்டில் பதிவான உரிம நிறுவனத்தின் கையில்தான். ‘பெருநிறுவனம்’ என்றால் தலைமையகம் இருக்கும் சிகாகோவைப் பார்த்துக் கையைக் காட்டிவிடலாம். சிகாகோவைக் கேட்டால், ஆள் எடுப்பது உள்ளூர்க்காரர் என்று இங்கே காட்டுவார்கள். வெறும் ‘நிறுவனம்’ இரண்டு பேரையும் பிடிக்கும்.

ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டும். அந்தக் கடைகளில் மட்டுமல்ல, இந்நாட்டில் பொரிப்பதற்குப் பெரிதும் பயன்படுவது செம்பனை எண்ணெய். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர்க் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் முதுகு ஒடிந்தவர்கள். நிலைத்த முறையில் செம்பனை எண்ணெய் உற்பத்தி செய்வதற்கான வட்டமேசை அமைப்பு 2004-இல் உருவானது. அதன் செயலகம் இதே கோலாலம்பூரில்தான் இருக்கிறது. எண்ணெய் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, அங்கே வேலை செய்பவருக்கு என்ன கூலி, அவர் கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது என்று வாங்குபவர் கேட்பது கடப்பாட்டின் ஒரு பகுதி. இதை ‘அறக்கொடை’ என்று யாரும் எழுதிவிட முடியாது என்பதாலேயே இரண்டு சொற்களையும் பிரிக்கத் துடிக்கிறேன்.

இந்தச் சொல் நிலைக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: ‘பயனீட்டாளர்’ நிலைத்ததே. தமிழ்நாட்டில் நுகர்வோர் என்கிறார்கள், இலங்கையில் பாவனையாளர் என்றும் சொல்வார்கள். இங்கே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அந்தச் சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு, எஸ்.எம். முகமது இத்ரிஸ் ஐயா 2019-இல் மறையும் வரை தலைவராக இருந்து நடத்த, மக்கள் தங்கள் புகார்க் கடிதங்களில் அதை எழுதி எழுதிப் பழகினார்கள். அகராதி அதைச் செய்யவில்லை. எங்கள் கையேட்டிலும் இந்தச் சொல்லைப் புகார்க் கடித மாதிரிக்குள் வைக்கப்போகிறேன்.

மாதிரி வாக்கியங்கள் இவை. குறை இருந்தால் திருத்துங்கள்:

“இரவு வேலை முடிந்த ஊழியர் பாதுகாப்பாக வீடு திரும்புவதற்கு வழிசெய்யும் கடப்பாடு நிறுவனத்துக்கு உண்டு. பள்ளிக்குப் புத்தகப்பை வழங்குவது அறக்கொடை. அது இந்தக் கடப்பாட்டுக்கு ஈடாகாது. கடப்பாட்டை எவ்வாறு நிறைவேற்றியது என்பதற்கு நிறுவனம் பொறுப்புக்கூற வேண்டும்.”

நான்காவது வாக்கியத்தில் பிரிக்பீல்ட்ஸ் ஐயாவின் சொல்லும் இருக்கிறது. கடப்பாடு என்பது சுமை, பொறுப்புக்கூறல் என்பது பதில். இரண்டும் சேர்ந்தால் மலாய்ச் சொல் முழுமையாகத் தமிழில் வந்துவிடுகிறது. ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக வைக்க வேண்டியதில்லை.

இந்த நான்கையும் நேற்று அந்தத் தாய்க்கு வாசித்துக் காட்டினேன். ‘ஈடாகாது’ என்ற இடத்தில் என்னை நிறுத்தி, மறுபடியும் வாசிக்கச் சொன்னார். ‘கடப்பாடு’ அவருக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது. ‘பொறுப்புக்கூற’ என்பது மட்டும் தடுக்கியது. ‘பொறுப்பு சொல்ல’ என்றா, ‘பதில் சொல்ல’ என்றா என்று கேட்டார். கையேட்டில் ‘பதில் சொல்ல’ என்று போட்டுவிட்டு, கலைச்சொல்லைப் பின்னிணைப்பில் தரலாமா? வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.