மலிவான வாட்டர்கலர் பெட்டி: வாங்கியவர்கள் சொல்லுங்கள்

தாம்பரத்துக்காரி:

பொங்கலுக்குக் கையால் வரைந்த வாழ்த்து அட்டைகள், புத்தகக் குறிகள், பரிசுப் பொட்டலத்தில் கட்டும் பெயர்ச் சீட்டுகள் ஆகியவற்றைச் செய்துவருகிறேன். தெரிந்தவர்களுக்காகத் தொடங்கியது, இப்போது சிலர் காசு கொடுத்தும் கேட்கிறார்கள். இதுவரை மகளின் பள்ளிப் பெட்டியில் மிஞ்சிய வண்ணங்களே போதுமாக இருந்தன. எனக்கென்று ஒன்று வாங்கலாம் என்று பாரிமுனைப் பக்கம் போனேன். ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். ஒன்றில் 36 வில்லைகள், தூரிகை, மூடியிலேயே கலவைத் தட்டு. மற்றொன்றில் 12 டியூப்கள், வேறு எதுவும் இல்லை. "36 இருக்கும்போது 12-ஐ எதற்கம்மா பார்க்கிறீர்கள்?" என்றார். அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மனம் ஒப்பாமல் எதையும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஆயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். உங்கள் கையில் எந்தப் பெட்டி எப்படி நடந்துகொண்டது என்று சொல்லுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நானே படித்துக்கொள்வேன்.

கும்பகோணம் டிராயிங் மாஸ்டர் (பணி ஓய்வு):

வாங்காமல் வந்தது நல்லதாயிற்று, அம்மா. எண்ணிக்கையைக் காட்டி விற்பது இந்தத் தொழிலில் மிகப் பழைய வித்தை. 36 வில்லைகள் கொண்ட மலிவுப் பெட்டிகளைப் பள்ளியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பச்சை மட்டும் ஆறு இருக்கும். ஆறையும் தாளில் பூசிக் காயவிட்டால் இரண்டு மூன்றுக்குமேல் வேறுபாடு தெரியாது. பழுப்புகளின் கதையும் அதுதான்.

வாட்டர்கலர் என்பது அரைத்த நிறமியும் பிசினும்தான். கம் அராபிக் என்னும் வேல மரத்துப் பிசின் நிறமியைத் தாளோடு பிடித்துவைக்கிறது. வில்லை இறுகிப்போகாமல் இருக்கக் கிளிசரினோ தேனோ கொஞ்சம் சேர்ப்பார்கள். விலையைத் தீர்மானிப்பது நிறமி. அதைக் குறைத்து வெள்ளை நிரப்புப் பொருளைக் கூட்டினால் பெட்டி மலிவாகிவிடும். அப்படிப்பட்ட வண்ணம் ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று இருக்கும், காய்ந்ததும் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுக்கும். எந்த வாட்டர்கலரும் காய்ந்தால் ஒரு சாயல் குறையத்தான் செய்யும், ஆனால் வெளிறுவது வேறு, சுண்ணாம்பு பூப்பது வேறு. கடையில் மாதிரி வில்லை இருந்தால் ஈர விரலால் தொட்டுக் கறுப்புத் தாளில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அடர்ந்த மஞ்சளைத் தவிர மற்றவையும் காய்ந்தபின் வெள்ளையாகத் திரண்டு நின்றால் அதில் நிரப்புப் பொருள் அதிகம்.

நம் ஊரில் பெரும்பாலோர் தொடங்குவது கேமல் டியூப்களில்தான். அதைத் தயாரிக்கும் கேம்லின் நிறுவனம் 1931 முதல் இருக்கிறது. எந்தச் சிற்றூர் ஸ்டேஷனரி கடையிலும் அதன் மாணவர் வரிசை கிடைக்கும். அதே நிறுவனத்தின், நிறமி கூடிய 'ஆர்ட்டிஸ்ட்' வரிசை தனி. பெயரும் பொதியும் ஒன்றுபோல் இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். உங்கள் தொகைக்கு 12 மாணவர் டியூப்களை வாங்கி, மிச்சப் பணத்தில் ஆர்ட்டிஸ்ட் வரிசையிலிருந்து நீங்கள் அதிகம் பயன்படுத்தும் இரண்டு நிறங்களைத் தனி டியூப்பாக வாங்குவது என் யோசனை. பொங்கல் அட்டை என்றால் கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் பச்சைதான் நிறைய ஓடும். பச்சையை வாங்காதீர்கள். நல்ல மஞ்சள் ஒன்று, நல்ல நீலம் ஒன்று. பச்சையை நீங்களே கலந்துகொள்ளலாம்.

மஞ்சளிலும் சிவப்பிலும் நீலத்திலும் குளிர்ந்த சாயலில் ஒன்று, வெதுவெதுப்பான சாயலில் ஒன்று என ஆறு இருந்தால் போதும். லெமன் எல்லோவும் காம்போஜும், கிரிம்சனும் வெர்மிலியனும், பிரஷியன் புளூவும் அல்ட்ராமரீனும். ஏழாவதாக பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒன்றை வைத்துக்கொண்டால் மண், மரப்பட்டை, மாட்டின் உடல், பானையின் நிழல் எல்லாம் அதிலேயே அடங்கும். அதோடு அல்ட்ராமரீனைச் சேர்த்தால் அருமையான சாம்பல் நிறம் வரும். கறுப்பு டியூப்பைத் திறக்கவே வேண்டாம்.

கோவைப் பொறியாளர்:

மாஸ்டர் சொன்னதற்கு மேல் ஒன்று. டியூப்பின் முதுகைப் படியுங்கள். முகப்பில் இருக்கும் நிறப்பெயர் வெறும் பெயர்தான், உள்ளே இருப்பது என்ன என்பதை நிறமிக் குறியீடுதான் சொல்லும். பி.பி.29 என்றால் அல்ட்ராமரீன், பி.பி.15 தாலோ நீலம், பி.ஒய்.42 எல்லோ ஆக்கர், பி.வி.19 குவினாக்ரிடோன் ரோஸ். இந்த முறை எல்லா நாட்டு நிறுவனங்களுக்கும் பொது. ஒரு டியூப்பில் ஒரே குறியீடு இருந்தால் அதை மற்றொன்றோடு தைரியமாகக் கலக்கலாம். மூன்று குறியீடுகள் உள்ள டியூப்போடு இன்னொரு மூன்றைக் கலந்தால் தாளில் ஆறு நிறமிகள் சேர்ந்து சேறாகிவிடும். "எனக்குக் கலக்கத் தெரியவில்லை" என்று அங்கலாய்க்கும் பலரிடம் குற்றம் கையில் இல்லை, டியூப்பில் இருக்கிறது. குறியீடே போடாத பெட்டிகளைக் குழந்தைகளின் விளையாட்டுக்கு மட்டும் வாங்குங்கள்.

நீங்கள் காசு வாங்கிக்கொண்டு அட்டை கொடுப்பதால் வெயிலில் நிறம் மங்குவதையும் கவனிக்க வேண்டும். என் வீட்டில் தெற்குப் பார்த்த சன்னல் ஒன்று இருக்கிறது. கையிலிருந்த எல்லா நிறங்களையும் ஒரு தாளில் பட்டைகளாகப் பூசி, தாளின் பாதியைத் தடித்த அட்டையால் மூடி அந்தக் கண்ணாடியில் ஒட்டினேன். கோடை முடிந்து எடுத்துப் பார்த்தபோது அல்ட்ராமரீன், ஆக்கர், பர்ன்ட் சியன்னா ஆகியவற்றில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் எல்லைக்கோடுகூடத் தெரியவில்லை. மின்னும் இளஞ்சிவப்பு ஒன்று இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. ஒளிரும் ரோஸ் நிறங்களில் சாயம் சேர்க்கிறார்கள், அது வெயிலுக்குத் தாங்காது. பி.ஆர்.83 என்ற பழைய அலிசரின் கிரிம்சனும் மங்கக்கூடியது என்று பெயர் வாங்கியது. உறைக்குள்ளும் புத்தகத்துக்குள்ளும் இருக்கப் போகிற அட்டைக்கு இதனால் ஒன்றும் இல்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள் என்று தெரிந்தால் மட்டும் ரோஸ் நிறத்துக்கு பி.வி.19 பயன்படுத்துங்கள்.

நான் இப்போது வைத்திருப்பது வின்சர் அண்ட் நியூட்டன் காட்மன் கைப்பெட்டி, 12 அரை வில்லைகள். மாணவர் வரிசைதான், ஆனாலும் குறியீடு போட்டிருக்கிறார்கள். விலை உங்கள் வரம்பைத் தாண்டும், தள்ளுபடி நாளில் கொஞ்சம் இறங்கும். ரஷ்யாவின் ஒயிட் நைட்ஸ் முழு வில்லை 2.5 மில்லி, தனித்தனியாகவும் விற்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு அது தோதானது.

புதுச்சேரி, காகித வேலை:

எல்லோரும் வண்ணத்தையே பேசுகிறீர்கள். தாளைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே!

நான் கைவினைக் காகிதத்தில் நாட்குறிப்பேடுகளும் உறைகளும் செய்கிறேன். எங்கள் ஊரில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் நடக்கிறது, பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் தாள். பூவிதழ் பதித்த தாளைப் பார்த்துவிட்டு "இதில் வாட்டர்கலர் பண்ணலாமா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. பண்ணலாம், ஆனால் எல்லாத் தாளிலும் இல்லை. தாளில் 'சைஸிங்' என்ற பசைப் பூச்சு இருந்தால்தான் நீர் மேலே நின்று மெல்ல இறங்கும். அது இல்லாத தாள் வண்ணத்தை அப்படியே உறிஞ்சி முதுகுப்பக்கம் வரை கொண்டுபோய்விடும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு குமிழாக நின்றால் சரி. உடனே கறையாகப் பரவினால் அந்தத் தாளை உறைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

தாம்பரத்து அக்கா, கல்யாணப் பத்திரிகை அட்டையின் வெட்டு மிச்சங்களை ஆண்டர்சன் தெருவில் எடை போட்டு வாங்கிச் செய்கிறீர்களா? பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதன் மேற்பூச்சு அச்சுக்கானது. தண்ணீர் பட்டதும் வண்ணம் தீவு தீவாகப் பிரிந்து நிற்கும், பழி பெட்டியின் மேல் விழும். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையில், சற்றுச் சொரசொரப்பான கோல்டு பிரஸ் தாள் வாங்குங்கள். முழுப் பருத்தித் தாள் விலை அதிகம். புருஸ்ட்ரோ என்ற நிறுவனத்தின் தாளில் 25 சதவீதம் பருத்தி கலந்தது கிடைக்கிறது, அட்டைகளுக்கு அது தாராளம். ஏ4 தாளை நான்காக வெட்டினால் நான்கு அஞ்சலட்டை அளவு வரும், செலவும் அந்த அளவுக்குப் பங்காகிவிடும். 200 ரூபாய் வண்ணத்தை நல்ல தாளில் பூசியதையும், 2,000 ரூபாய் வண்ணத்தை டிராயிங் நோட்டில் பூசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்புகளில் காட்டுவேன். எது விலை கூடியது என்று கேட்டால் பெரும்பாலும் தலைகீழாகச் சொல்வார்கள்.

கும்பகோணம் டிராயிங் மாஸ்டர்:

தாளைப் பற்றிச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். 25 சதவீதப் பருத்தி "தாராளம்" என்பதை மட்டும் பாதிதான் ஏற்பேன். ஒரே பூச்சில் முடிக்கும் பூவுக்கும் கோலத்துக்கும் சரி. மேலே மேலே மூன்று நான்கு பூச்சு போட்டால் அடிப்பூச்சு கிளம்பிக் கலங்கும்.

புதுச்சேரி, காகித வேலை:

பொங்கல் அட்டைக்கு நான்கு பூச்சு எதற்கு, ஐயா?

திருநெல்வேலி, இரு பிள்ளைகளின் தாய்:

கைவினை என்று சொன்னதால் வருகிறேன். நான் செய்வது அகல் விளக்கு, சின்னச் சின்ன மண்பானைகள், கொலுவுக்கு வைக்கும் சிறு பொருட்கள். எங்கள் குடியிருப்பில் ஒருவர் வீட்டில் நிறைய வாட்டர்கலர் டியூப்கள் இருக்கின்றன என்று பிள்ளைகளைக் கூட்டி அகல் விளக்குகளுக்கு வண்ணம் பூசவைத்தார். சுட்ட மண் நிறத்தை முழுங்கிவிட்டது. தப்பிய நிறமும் எண்ணெய் ஊற்றித் துடைத்ததில் துணியோடு போயிற்று. வாட்டர்கலர் காய்ந்தபிறகும் தண்ணீரில் கரையும். மண், மரம், கண்ணாடி, துணி எதுவானாலும் அக்ரிலிக் வாங்குங்கள். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலமாகி நின்றுவிடும். போஸ்டர் கலரும் அட்டைக்கும் தாளுக்கும்தான். வாட்டர்கலர் பூசிய மரச் சாவிக்கொத்தின் மேல் வார்னிஷைத் தூரிகையால் தீற்றினால் அது வண்ணத்தையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் ஸ்பிரே வார்னிஷை மெலிதாக இரண்டு முறை அடித்து உலரவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் உடன் உட்கார்ந்தால் நச்சற்றது என்று அச்சிட்ட பெட்டியாகப் பாருங்கள். தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை மட்டும் எந்தப் பெட்டியானாலும் விடச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும்தான். என் பிள்ளைகளுக்கென்று நான் வாங்குவது சாதாரண 12 வில்லைப் பெட்டி. ஒரே மழைநாளில் கறுப்பும் சிவப்பும் தீர்ந்துவிடுகின்றன, அதற்கு எதற்குக் குறியீடு?

நாகப்பட்டினம், கடற்கரையில் வரைபவர்:

கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு தகவல். எங்கள் ஊர் ஈரக்காற்றில் தேன் சேர்த்த வண்ணங்கள் முழுதாக இறுகுவதே இல்லை. பெட்டியைச் சாய்த்து எடுத்துப் போனால் வழிந்து பக்கத்து வில்லையில் ஏறிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் ஈரத்தோடு மூடிவைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் வில்லைமேல் சாம்பல் பூஞ்சணம் வந்துவிடும். மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்திய பிறகே மூட வேண்டும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைக்கிறேன்.

இணையத்தில் ஒருமுறை, பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரைப் போட்ட 24 வில்லைப் பெட்டியைப் பாதி விலையில் வாங்கினேன். வந்தது போலி. பெட்டியின் எழுத்துகள் மங்கல், வில்லைகளைச் சுற்றிய தாளில் ஒரே நிறமிக் குறியீடு மூன்று நிறங்களுக்கு. விற்பவர் பெயரையும் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். அந்தப் பணத்தை மீட்க நான் பட்ட பாடு தனிக் கதை.

டியூப் வாங்குபவர்கள் வெற்று அரை வில்லைக் கிண்ணங்களையும் வாங்கிக்கொள்ளலாம். 5 மில்லி டியூப் இரண்டு கிண்ணங்களை நன்றாக நிறைக்கும். ஒரே தடவையில் நிரப்பினால் காயும்போது வெடிக்கும். பாதி நிரப்பி, காயவிட்டு, மறுபாதியை ஊற்ற வேண்டும். சில மாணவர் வரிசைகள் அப்படியும் விரிசல் விட்டுக் கிண்ணத்திலிருந்து கழன்று விழும். ஒரு சொட்டுக் கிளிசரின் கலந்தால் ஓரளவு அடங்கும். ஒரு சொட்டுதான்! கூடினால் எப்போதும் பிசுபிசுப்பு.

தாம்பரத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. பத்திரிகை அட்டை விஷயத்தைப் புதுச்சேரித் தோழி எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. என் அலமாரியில் ஒரு கட்டு இருக்கிறது. இனி அது உறைக்குத்தான்.

நேற்று மாலை வாங்கியவை: மாணவர் வரிசை 12 டியூப்கள், ஆர்ட்டிஸ்ட் வரிசையில் லெமன் எல்லோவும் அல்ட்ராமரீனும் தனியாக, 300 ஜி.எஸ்.எம். தாள் ஒரு கட்டு. கலவைத் தட்டு வாங்கவில்லை, வீட்டில் விளிம்பு உடைந்த வெள்ளைப் பீங்கான் தட்டு இருக்கிறது. பிளாஸ்டிக்கில் வண்ணம் முத்து முத்தாக உருண்டு ஓடுவதுபோல் பீங்கானில் ஓடுவதில்லை. தொகை ஆயிரத்துக்குச் சற்று மேலே போய்விட்டது, அது தாளால்.

இரவே கரும்பு ஒன்று வரைந்தேன். இரண்டு நிறங்களின் பச்சையும் வந்தது, ஆனால் கொஞ்சம் மங்கலாக, அல்ட்ராமரீன் மணல்போலத் திரிந்து தோகையில் படிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இளம் தோகையின் பளபளப்பு மட்டும் இல்லை. மாஸ்டர், இது தாளாலா, நீலத்தாலா?

கும்பகோணம் டிராயிங் மாஸ்டர்:

நீலத்தால், அம்மா. அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் பள்ளங்களில் தங்கும், அதன் குணமே அது. அதில் கொஞ்சம் சிவப்புச் சாயலும் உண்டு, அதனால்தான் பச்சை மங்குகிறது. முற்றிய தோகைக்கும் நிழலுக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். இளம் தோகைக்கு உங்கள் 12 டியூப்களில் பிரஷியன் புளூ இருக்கிறதே, அதைத் தூரிகை நுனியால் தொட்டு லெமன் எல்லோவோடு கலந்து பாருங்கள். மஞ்சளில் நீலத்தைச் சேர்க்க வேண்டும், நீலத்தில் மஞ்சளை அல்ல. இல்லையென்றால் அரை டியூப் மஞ்சள் காலியான பிறகும் நீலமே நிற்கும். தூரிகைக்கு எட்டாம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று போதும், செயற்கை முடியே நன்றாக இருக்கிறது. நுனி ஈரத்தில் ஒன்றுகூடிக் கூராக நிற்கிறதா என்று கடையிலேயே தண்ணீர் கேட்டு நனைத்துப் பார்த்து வாங்குங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.