ஐ.யூ.ஐ. செய்துகொண்டவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெல்லை மல்லி:

கல்யாணமாகி ஐந்து வருஷம். "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்தே வளைகாப்பு வீடுகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். மூன்றாவது ஐ.யூ.ஐ.யில்தான் (விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) எனக்குக் கரு தங்கியது. இப்போது மகளுக்குப் பத்து மாதம். முதல் இரண்டும் ஏன் கைகூடவில்லை என்று எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் போன இடத்தில் ஞாயிற்றுக்கிழமை லேப் கிடையாது. அதனால் வெள்ளி இரவு முட்டை வெடிக்கும் (பையிலிருந்து வெளிவரும்) ஊசி போட்டு, சனி காலையிலேயே விந்தணுவைச் செலுத்திவிட்டார்கள். அந்த ஊசிக்குப் பிறகு முட்டை வெடிக்க ஏறக்குறைய 36 மணி நேரம் ஆகும் என்பது அன்று எனக்குத் தெரியாது. இரண்டாவது தடவை ஒரே ஒரு ஸ்கேன். முட்டைப் பை 15 மி.மீ.தான் வளர்ந்திருந்தது, ஆனாலும் ஊசி போட்டுவிட்டார்கள். அந்த இரண்டு மாதமும் குறை என் உடம்பில்தான் என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

அப்புறம் வேறு டாக்டரிடம் போனோம். தைராய்டு, கருக்குழாய் டெஸ்ட் எல்லாம் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார். பீரியட்ஸ் வந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை. ஒன்பதாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். வலது பக்க முட்டைப் பை 19 மி.மீ., கர்ப்பப்பை உள்சுவர் 8.5 மி.மீ. வந்ததும், "வெள்ளி ராத்திரி ஒன்பது மணிக்கு ஊசி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வாங்க" என்றார். ஞாயிறு லேப் இருக்குமா என்று கேட்டேன். "முட்டைக்கு ஏதும்மா ஞாயிற்றுக்கிழமை?" என்றார்.

அன்று காலை நர்ஸ் ஒரு சின்ன டியூபைக் கொண்டுவந்து காட்டினார். வாஷ் பண்ணி எடுத்த விந்தணு, இளஞ்சிவப்பாக அரை மில்லிதான் இருக்கும். மேலே ஒட்டியிருந்த தாளில் எங்கள் இரண்டு பேர் பெயரும். "வாசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். வீட்டில் அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. அங்கே சத்தமாக வாசித்தேன். அந்த நிமிஷம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

திருப்பூர்க்காரன்:

அக்கா, ஆண்கள் பக்கத்தையும் ஒருத்தர் சொல்லணும் என்றுதான் எழுதுகிறேன். முதல் ஒன்றரை வருஷம் டெஸ்ட், மாத்திரை எல்லாம் என் மனைவிக்கு மட்டும்தான். என்னைச் சோதிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

பனியன் கம்பெனியில் எனக்கு ஸ்டீம் அயர்ன் டேபிள் வேலை. பத்து மணி நேரம் அந்தச் சூட்டில் நிற்பேன், நடுநடுவே சிகரெட். முதல் ஐ.யூ.ஐ. அன்று வாஷ் பண்ணிய பிறகு ஓடும் அணுக்கள் மொத்தமே 30 லட்சம்தான். ஒரு கோடிக்கு மேல் இருந்தால் நல்லது, ஐம்பது லட்சத்துக்குக் கீழே போனால் வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றார் டாக்டர். இன்று விடுகிற சிகரெட்டின் பலன் நாளைக்கே தெரியாது, ஓர் அணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார். மூன்று மாதம் சிகரெட்டைத் தொடவில்லை. ஓனரிடம் கெஞ்சி பேக்கிங் பக்கம் மாறினேன்.

அடுத்த தடவை சாம்பிளை வீட்டில் எடுத்து, டப்பாவைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும். தம்பிதான் வண்டி ஓட்டினான். எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அந்தத் தடவை ஒரு கோடியே பத்து லட்சம் வந்தது. இப்போது மனைவிக்கு ஏழாம் மாதம். சிகரெட்டை விட்டதால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று மாதத்தை முதலிலேயே செய்திருக்கலாம்.

தாம்பரம் அக்கா:

எனக்குத் தங்கவில்லை. அதையும் இங்கே எழுத வேண்டும். 37 வயதில் ஆரம்பித்து ஆறு தடவை செய்தேன். ஆறாவதும் தோற்ற பிறகுதான் குழாய் டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் அடைப்பு. முட்டையும் அணுவும் சந்திக்கிற இடமே குழாய்தான், ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். ஆறு மாதமும் நான் பட்டினியாகக் கிடந்த வெள்ளிக்கிழமைகள், கடன் வாங்கிய பணம், எல்லாம் மூடிய கதவைத் தட்டியதுதான்.

தங்கச்சிகளா, முதல் ஊசிக்கு முன்னாடியே அந்த டெஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள். நல்ல நிலைமையிலும் ஒரு தடவைக்கு நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்குத்தான் தங்கும். தங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் மூன்று, நான்கு தடவைக்குள் தங்கிவிடும். வயது 35 தாண்டியிருந்தால் அதற்கு மேல் இழுக்காமல், அடுத்து என்ன என்று டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எனக்கு ஐ.வி.எஃப்.பில்தான் (முட்டையையும் அணுவையும் லேபில் சேர்க்கும் சிகிச்சை) மகன் பிறந்தான், 40 வயதில்.

கரூர் புதுசு:

அக்கா, போன மாதம் ஐ.யூ.ஐ. செய்து எட்டாம் நாளே எனக்குக் கர்ப்பம் பார்க்கும் கார்டில் இரண்டு கோடு வந்தது. மாமியார் கேசரி கிண்டி அக்கம்பக்கம் கொடுத்துவிட்டார். நாலு நாளில் கோடு மங்கி, பீரியட்ஸ் வந்துவிட்டது. கலைந்துவிட்டதா?

நெல்லை மல்லி:

பெரும்பாலும் இல்லைப்பா. வெடிக்கிற ஊசியில் இருப்பது எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன்தான், கார்டு தேடுவதும் அதையேதான். ஊசி மருந்து உடம்பை விட்டுப் போகப் பத்துப் பன்னிரண்டு நாள்கூட ஆகலாம். அதனால்தான் இரண்டு வாரம் பொறுத்து ரத்தத்தில் பார்க்கச் சொல்கிறார்கள். உன் டாக்டரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள். அந்தக் கேசரிக்காக யார் முன்னாடியும் தலை குனியாதே, மாமியாருக்கும் ஆசைதானே.

கரூர் புதுசு:

இதைப் படித்துவிட்டு அத்தையிடமும் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் எனக்குத் தலை வாரிவிட்டார். நாளை ராத்திரி எட்டரைக்கு ஊசி, ஞாயிறு காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை அவரும் லீவு போட்டிருக்கிறார்.