நீள்வாள்: சோர்ன்ஹாவ் வெட்டும்போது விரலில் அடி விழுவது ஏன்?

கற்றுக்குட்டி:
பழகுவது ஜெர்மன் லாங்சோர்டு (இரு கையால் பிடிக்கும் நீள்வாள்), லீக்டனாவர் என்ற பழைய வாள் ஆசானின் மரபு. இடது கால் முன்னே வைத்து, வலது தோளிலிருந்து சாய்த்து இறக்கும் சோர்ன்ஹாவ் தனியாகப் பழகும்போது நன்றாக வருகிறது. ஜோடி போட்டால், நான் வெட்டி முடிப்பதற்குள் எதிராளியின் வாள் என் விரல்மேல். வேகம் போதவில்லையா?

ஃபெடர்காரன்:
வேகம் இல்லைங்க, வரிசை தப்புது. பெரும்பாலும் கால் முந்திவிடும். வலது பாதம் ஊன்றிய பிறகு வாள் கிளம்பினால், நீங்கள் அவர் எட்டும் தூரத்துக்குள் வந்தாச்சு, வாள் மட்டும் இன்னும் தோளிலேயே இருக்கும். கைகள் முதலில் நீளட்டும். வெட்டு எட்டும்போதுதான் பாதம் தரையைத் தொடணும். போனைப் பக்கவாட்டில் வைத்து ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்க, தெரிஞ்சிடும்.

தனிப் பயிற்சியில் வாளைத் தரைவரை இறக்குறீங்களா? அந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஆளுக்கு எதிரே வெட்டு பாதியில் நிற்கணும், நுனி அவர் முகத்தை நோக்கி. நுனி கீழே போய்விட்டால் கைக்கு மறைப்பு ஏது?

குறுக்குக்கட்டை:
மேலே சொன்னது சரி. ஆனால் அவர் வாளைத் தேடி வெட்டுகிறீர்களோ என்றும் சந்தேகம். ஆளை நோக்கி வெட்டு, வாளை நோக்கி அல்ல என்றுதான் நியூரம்பர்க் 3227அ என்ற பழைய ஜெர்மன் கையெழுத்துப்படி சொல்கிறது. தலையைக் குறிவையுங்கள், அவரும் வெட்டினால் வாள்கள் வழியில் தாமாக மோதும். மோதியதும் கண்ணை நம்பாமல் கையில் தெரியும் அழுத்தத்தை நம்புங்கள். அவர் தளர்வாக இருந்தால் அப்படியே முகத்துக்கு நேராகக் குத்து. முரட்டுத்தனமாகத் தள்ளினால் பதிலுக்குத் தள்ள வேண்டாம். வாளை மேலே உருவி, மறுபக்கம் தலையில் இறக்குங்கள். இதுதான் அப்நேமன்.

பிடியையும் பாருங்கள். வலது கை குறுக்குக்கட்டையை (அலகுக்கும் பிடிக்கும் நடுவே குறுக்காக இருக்கும் காப்பு) ஒட்டி, இடது கை பிடியின் அடியிலுள்ள குமிழருகே. சுத்தியல் மாதிரி இறுக்கினால் விளிம்பு புரண்டு தட்டைப் பக்கம் மோதும். அலகு வளைந்து கொடுக்க, அவர் வாள் நேராக உள்ளே வரும்.

கற்றுக்குட்டி:
நன்றி. இப்போது இருப்பது தோல் கையுறைதான், ஃபெடர் (மழுங்கிய பயிற்சி வாள்) 1.5 கிலோ. போதுமா?

ஃபெடர்காரன்:
மெதுவான பயிற்சிக்கு மட்டும். லாக்ராஸ் விளையாட்டுக் கையுறையும் விரல் நுனியையும் கட்டைவிரலையும் சரியாகக் காப்பாற்றாது. நீள்வாளுக்கென்றே வரும் கெட்டி ஓட்டுக் கையுறை வாங்கும்வரை முழு வேகம் வேண்டாம். நைலான் வாள் பட்டாலும் விரல் முறியும். முகமூடி 1600 நியூட்டன் தரம் (குத்தைத் தாங்கும் அளவு), கழுத்துக் காப்பு, கூடவே பின்மண்டைக்குத் தனி உறை. சாதாரண ஃபென்சிங் முகமூடி பின்பக்கம் திறந்துதான் இருக்கும்.